தலையில் வைக்காத பூ

ஜூன் 4, செவ்வாய்

காலையில் பிள்ளை பிறந்தது. பெண். என் தம்பி வேலு ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதான். கடலை மிட்டாய் கம்பெனியில் இருபது பேரை மேய்க்கிறவன், மூக்கைத் துடைக்க ஒரு கைக்குட்டை இல்லாமல் நின்றான். என் முந்தானையைத்தான் கொடுத்தேன்.

அவன் பெண்டாட்டி இந்துமதிக்குத் தாய் இல்லை. தகப்பன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு ஓசூர்ப் பக்கம் போய்விட்டார். தலைப்பிரசவத்துக்குப் போக வீடு இல்லாதவளை யார் பார்ப்பது? நான்தான். என் வீட்டுக்காரரைத் தானே பொங்கித் தின்னச் சொல்லிவிட்டு, ஒரு பெட்டியும் இந்த டைரியுமாகச் சங்கரன்கோவிலிலிருந்து கோவில்பட்டிக்கு வந்திருக்கிறேன்.

இந்த ஆஸ்பத்திரியில் பானு என்று ஒரு நர்ஸ். பிள்ளை பெற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பால் கொடுக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் அவள் வேலையாம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் யார் போய்ச் சொல்லிக்கொடுத்தார்களோ. பிள்ளையைத் துடைத்த கையோடு இந்துவின் மார்பில் கவிழ்த்துப் போட்டாள். "காம்பு மட்டும் போதாது, கருப்பு வட்டமும் வாய்க்குள்ள போகணும். அப்பத்தான் வலிக்காது" என்று பொறுமையாகத் தலையைப் பிடித்துப் பிடித்து வைத்தாள். கடைசியில் பிள்ளை சப்பிவிட்டது.

"குடிக்கா மதினி" என்று இந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

கற்கண்டுத் தண்ணீரும் வெள்ளிச் சங்கும் கொண்டுபோயிருந்தேன். எங்கள் வீட்டில் பிறந்த பிள்ளைக்குச் சேனை வைப்பது வழக்கம். யார் முதல் இனிப்பை நாக்கில் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும். வேலுவுக்கு நான்தான் வைத்தேன். சங்கை எடுத்ததுமே பானு, "தண்ணி கூட வேண்டாம்க்கா, தாய்ப்பால் மட்டும்தான்" என்றாள். போகட்டும், அவள் வெளி ஆள். இந்துவும் சொன்னாள்.

"சேனை வேண்டாம் மதினி. அவங்க சொல்றபடியே இருக்கட்டும். எம்பிள்ளைக்கு எம்பால் மட்டும் போதும்."

சங்கைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டேன். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை. வளைகாப்பன்று நான் வளையலோடு போனபோது அடுத்த வீட்டுப் பெரியவள் ஒருத்தி, "நீ கடைசியில போடலாம் தாயி" என்று என் கையிலிருந்து வாங்கித் தாம்பாளத்தில் வைத்தாள். கடைசியில் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. இந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அதையே நான் மறந்துவிட்டேன்.

ஜூன் 7, வெள்ளி

வீட்டுக்கு வந்தாயிற்று. ஆரத்தி எடுத்தேன். வேலு இரண்டு முழம் மல்லிகை வாங்கி வந்தான், பெண்டாட்டிக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று. என் முழத்தையும் இந்து தலையிலேயே வைத்துவிட்டேன். எனக்கு மல்லிகை ஆகாது, தலைவலி வரும். பதினோரு வருடமாகக் கனகாம்பரம்தான் வைக்கிறேன். கேட்கிறவர்களுக்கு அதுதான் பதில்.

பானு தன் போன் நம்பரைக் கொடுத்து, "வலிச்சாலும் சரி, பிள்ளை சப்பலன்னாலும் சரி, எந்நேரம்னாலும் கூப்பிடுங்க" என்றாளாம். இந்து தலையணைக்கு அடியில் போனை வைத்திருந்தாள். பிள்ளை பெற்றவள் போனைப் பார்த்தால் கண் கெட்டுப்போகும் என்று சொல்லி வாங்கி பிரிட்ஜ் மேல் வைத்தேன். வேலுவும் "அக்கா சொல்றது சரிதான்" என்றான்.

ஜூன் 9, ஞாயிறு

இந்து குளிக்கப் போனாள். போனதும் பிள்ளை அழுதது. தொண்டை காயுமே என்று சங்கில் கொஞ்சம் கற்கண்டுத் தண்ணீர் கொடுத்தேன். என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு குடித்தது. சொட்டு சிந்தவில்லை. அப்புறம் இந்து மடியில் போட்டால் வாயைத் திறக்காமல் தூங்கியது.

"என்ன மதினி, சப்ப மாட்டேங்கா?"

"பொறந்த பிள்ளைக்குத் தூக்கம்தான். சும்மா எழுப்பாத" என்றேன்.

ஜூன் 11, செவ்வாய்

வேலு வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டான். வீட்டில் நாங்கள் மூவர்தான்.

இந்துவுக்குப் பால் கட்டிக்கொண்டது. நேற்றுப் பூராவும் பிள்ளை சரியாகக் குடிக்கவில்லை, தூங்கிக்கொண்டே இருந்தது. அவளாகவே எழுப்பி எழுப்பிப் பார்த்தாள். இன்றைக்குக் காலையில் இரண்டு மார்பும் கல்லாக இறுகி, காய்ச்சலும் வந்துவிட்டது. கையைத் தூக்க முடியவில்லை அவளால்.

"போனைத் தாங்க மதினி. பானு சிஸ்டர்ட்ட ஒரு வார்த்தை கேக்கேன்."

"இதுக்குப் போயி போனா? அவா டியூட்டியில இருப்பா. கைவைத்தியம் இருக்கு, நான் பாத்துக்கிடுதேன்."

பூக்காரியை வாசலில் நிறுத்தி மல்லிகை உதிரியாக வாங்கினேன். கட்டின சரமாக இல்லாமல் உதிரியாகக் கேட்டதும் அவள், "சாமிக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். பிள்ளை பெற்ற வீட்டில் தீட்டு, விளக்கே ஏற்றுவதில்லை என்பது அவள் போன பிறகுதான் நினைவு வந்தது. போகிறாள், அவளுக்கென்ன.

பூவை இரண்டு மார்பிலும் கனமாகப் பரப்பி, வேலுவின் பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கிச் சுற்றிக் கட்டினேன். வாட வாட மாற்ற வேண்டும். குளுகுளுவென்று இருக்கிறது என்றாள். அப்படித்தான் இருக்கும். முதலில் குளுமையாக இருக்கும், பிறகு வலி அடங்கும். எனக்குத் தெரியாததா?

அவள் தூங்கிய பிறகு கொல்லைப்புறம் போய் வாந்தி எடுத்தேன். அந்த வாசனை எனக்கு ஆகாது என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

ஜூன் 12, புதன்

பூ மாற்றினேன். பிள்ளைக்கு டப்பாப் பால் கலந்து சங்கில் கொடுத்தேன். மார்பில் கட்டு இருக்கும்போது வேறு என்ன செய்ய?

ஜூன் 14, வெள்ளி

வலி போய்விட்டது. காய்ச்சலும் இல்லை. கட்டை அவிழ்த்ததும் இந்து என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எங்கம்மா இருந்தாக்கூட இப்படிப் பாத்திருக்க மாட்டா மதினி."

கேட்கச் சந்தோஷமாக இருந்தது. பிள்ளை மடியில் இருந்தது, என் மடியில். அவள் கையை நீட்டினாள். "முதல்ல சாப்பிடு" என்றேன்.

ஜூன் 17, திங்கள்

பால் இல்லை. காலையிலிருந்து பிள்ளையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போட்டுப் பார்த்துவிட்டாள். பிள்ளை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டு வீறிடுகிறது. மெத்தென்ற மார்பு, பிழிந்தாலும் ஈரம் தட்டவில்லை. இந்து அழுகிறாள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள், மூக்கைச் சிந்திச் சிந்தித் தலையணை உறையை நாசம் செய்துவிட்டாள்.

"எனக்குத்தான் ஏதோ கோளாறு மதினி. எல்லாருக்கும் வருது."

"சில பேருக்கு அப்படித்தான். மனசத் தேத்திக்கோ" என்றேன்.

என்மேல் ஒரு குறை சொல்ல முடியுமா? பூண்டை நல்லெண்ணெயில் வதக்கிக் கொடுத்தேன். பால்சுறா வாங்கிப் புட்டுச் செய்தேன். முருங்கைக்கீரை இல்லாமல் ஒரு வேளைச் சோறு இல்லை. வேலு இன்று சாப்பிடும்போது, "அக்கா, நீ இல்லன்னா நாங்க என்ன ஆயிருப்போம்" என்றான். அடுத்த டப்பாப் பாலும் ஒரு பாட்டிலும் அவனே வாங்கி வந்துவிட்டான். பிள்ளை பாட்டிலைப் பிடித்துக்கொண்டது. அதற்கென்ன தெரியும், வயிறு நிறைந்தால் சரி.

ஜூன் 20, வியாழன்

பிரிட்ஜ் மேல் போன் அடித்தது. பானு. இந்து தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்பவில்லை.

"பிள்ளை நல்லா குடிக்குதாக்கா?"

"நல்லா குடிக்கு. ஒரு குறையும் இல்ல."

"இந்துமதி ரொம்ப ஆசையா இருந்தாங்க. கூப்பிடவே இல்லையேன்னு பாத்தேன். எடை பாக்கக் கூட்டிட்டு வாங்க."

"வாறோம்" என்று வைத்துவிட்டேன். நான் பொய் சொல்லவில்லை. பிள்ளை நன்றாகத்தான் குடிக்கிறது.

ஜூன் 23, ஞாயிறு

பிள்ளைக்கு என் வாசனை தெரிகிறது. இந்து தூக்கினால் நெளிகிறது, நான் தூக்கினால் அடங்குகிறது. வேலு பார்த்துவிட்டு, "அத்தைக்காரிதான் வேணுமோ?" என்று கேலி செய்தான். இந்து சிரிக்கவில்லை. கேலி புரியாத பெண்.

மத்தியானம் மாடி அறையில் துணி மடிக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் போட்டிருந்தேன். பசி இல்லை, பாட்டில் குடித்து முடித்த பிள்ளைதான். ஆனாலும் வாய் எதையோ தேடிக்கொண்டே இருந்தது. அந்த அழுகையை நிறுத்த எனக்கு ஒரு வழி தெரிந்தது. கதவைச் சாத்திவிட்டேன். எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்று என்ன இருக்கிறது.

எங்கள் பிள்ளை ஒரு நாள்தான் இருந்தான். அவன் வாயில் எதையும் வைக்கவிடவில்லை, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள்.

ஜூன் 25, செவ்வாய்

இவர் போன் செய்தார். "அடுத்தவ பிள்ளையக் கொஞ்சுனது போதும். வந்து சோறு பொங்கு" என்றார். வரும்போது வருவேன் என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 26, புதன்

மாடியில் துணி மடித்தேன்.

ஜூன் 28, வெள்ளி

நான் ரேஷன் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் இந்து போனை எடுத்துப் பானுவிடம் பேசியிருக்கிறாள். முகம் வீங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"மதினி, பானு சிஸ்டர் கூப்பிட்டாங்களாமே?"

"கூப்பிட்டா. நீ தூங்கிட்டு இருந்தே."

"நல்லா குடிக்குன்னு சொன்னீங்களாமே?"

"வேற என்னத்தச் சொல்லணும்ங்கே? தாயிட்ட பால் இல்லன்னு ஆஸ்பத்திரி பூராவும் தண்டோரா போடவா? உம்மானத்தக் காப்பாத்தத்தான் சொன்னேன்."

தலையைக் குனிந்துகொண்டாள். "மன்னிச்சுக்கோங்க மதினி" என்றாள். நான் பெரிய மனது பண்ணி விட்டுவிட்டேன்.

ஆனால் பானு அவளுக்கு ஆசை காட்டிவிட்டாள். போன பால் திரும்ப வருமாம். பாட்டிலுக்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் மார்பில் போட வேண்டுமாம், வெறும் உடம்போடு உடம்பாகப் பிள்ளையைச் சாய்த்துக்கொண்டு இருக்க வேண்டுமாம். "பிள்ளை கேக்கக் கேக்கத்தான் மார் குடுக்கும்" என்றாளாம். அதை இந்து என்னிடம் இரண்டு முறை சொன்னாள். எனக்கு எதற்குச் சொல்கிறாள்? அது எனக்குத் தெரியும்.

ஜூலை 2, செவ்வாய்

நாலு நாளாகப் பிள்ளை என் கைக்கு வருவதே இல்லை. இந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளையோடு படுத்திருக்கிறாள். சாப்பாட்டைத் தட்டில் போட்டு உள்ளே கொண்டுபோகிறேன், வேலைக்காரி மாதிரி. பிள்ளை அவள் மார்பில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு கிடக்கிறது. குளிக்கிற நேரம் மட்டும் எனக்கு.

அடுப்படியில் நிற்கும்போது உள்ளே பிள்ளை அழுதது. ரவிக்கை நனைந்துவிட்டது. இந்த வெக்கையில் வியர்க்காமல் என்ன செய்யும். தனியாகத் துவைத்துக் கொல்லையில் காயப்போட்டேன்.

ஜூலை 4, வியாழன்

"மதினி, இங்க வாங்களேன். சீக்கிரம்."

போனேன். பிள்ளை வாயோரத்தில் வெள்ளையாக ஒரு சொட்டு. இந்து அதை விரலில் தொட்டு என்னிடம் காட்டினாள். சின்னப் பிள்ளை மாதிரி சிரிக்கிறாள், கண்ணிலிருந்து வழிகிறது. "வந்துட்டு மதினி. எனக்கு வந்துட்டு" என்றாள்.

வேலு ஜாங்கிரி வாங்கி வந்தான். எனக்குச் சர்க்கரை ஆகாது என்றேன். என்றைக்கிலிருந்து என்று கேட்டான். வேலையைப் பார் என்றேன்.

ஜூலை 6, சனி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் இந்துவுக்கு இடது மார்பில் கட்டி மாதிரி திரண்டு வலித்தது. நேற்று அவள் குளிக்கப் போனபோது நான் பிள்ளைக்குச் சங்கில் கொடுத்திருந்தேன். வயிறு நிறைந்து தூங்கிவிட்டது. பால் வரத்து கூடுகிற நேரத்தில் பிள்ளை குடிக்காவிட்டால் கட்டத்தான் செய்யும். அவளுக்கு அது தெரியாது. முனகிக்கொண்டே என்னிடம் வந்தாள்.

"அன்னைக்கு வச்சுக் கட்டுனீங்களே மதினி, பூ. அதையே கட்டுங்களேன். உடனே கேட்டுச்சு."

அவள்தான் கேட்டாள். இதை நான் எழுதி வைக்க வேண்டும். அவளாகத்தான் கேட்டாள்.

பிள்ளையைக் குளிப்பாட்ட எண்ணெய் தேய்த்து வைத்திருந்தேன். பூக்காரி வருகிற நேரமும் இல்லை. வேலு வீட்டில்தான் இருந்தான். "மார்க்கெட்ல போயி மல்லியப்பூ கால் கிலோ வாங்கிட்டு வா. சரம் வேண்டாம், உதிரியாக் கேளு" என்றேன். அங்கேதான் சறுக்கினேன். ஆண்பிள்ளையை அனுப்பியிருக்கக் கூடாது.

அவன் திரும்பி வரும்போது பிள்ளையைக் குளிப்பாட்டித் துவட்டிக்கொண்டிருந்தேன். இந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வேலு இலைப் பொட்டலத்தை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுச் சலித்துக்கொண்டான்.

"அந்தப் பூக்காரம்மா சரியான கோட்டி. உதிரி எதுக்கு தம்பி, சாமிக்கான்னு கேட்டா. இல்லம்மா, வீட்ல பிள்ளை பெத்திருக்கா, அவளுக்குன்னேன். உடனே என் கையப் பிடிச்சுக்கிட்டு, ஐயோ பாவம், பிள்ளை தங்கலையான்னு கேக்கா."

நான் பிள்ளையின் காதைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"எதுக்கு அப்படிக் கேட்டா?" என்றாள் இந்து.

"கேட்டேன். பிள்ளை தவறிட்டா மார்ல பூ வச்சுக் கட்டி பால நிப்பாட்டுவாகளாம். அதுக்குத்தான் உதிரியா வாங்குவாகளாம். எம்பிள்ளை நல்லாத்தான் இருக்கான்னு சொல்லிட்டு வந்தேன். காலங்காத்தால வாயில வருது பாரு அவளுக்கு."

சொல்லிவிட்டு அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். அவனுக்கு இன்னும் உறைக்கவில்லை. ஆண்கள் அப்படித்தான். இந்து பொட்டலத்தைப் பிரித்தாள். பூவை ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். அதற்குப் பதிலும் வைத்திருந்தேன். வலிக்குத்தான் கட்டினேன், வலி போயிற்றா இல்லையா? ஆனால் அவள் குரல் எழும்பவில்லை. வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்கிற மாதிரி நிதானமாகக் கேட்டாள்.

"மதினி, உங்களுக்கும் கட்டுனாகளா?"

"கட்டுனாக."

"யாரு?"

"எங்க மாமியார்." எங்கள் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுபோன கையோடு பூவைக் கொண்டுவந்தார்கள். இதை அவளிடம் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

"பால் நின்னுட்டா?"

வேலு அப்போதுதான் திரும்பினான்.

"நின்னுட்டு" என்றேன்.

இந்து எழுந்து வந்து என் மடியிலிருந்த பிள்ளையை எடுத்தாள். பிள்ளைக்குக் குளிர்ந்ததோ என்னவோ, வீறிட்டு அழுதது. அழுத மாத்திரத்தில் என் உடம்பு நான் சொன்னபடி கேட்கவில்லை. கையைக் குறுக்கே கட்டிக்கொண்டேன். அதற்குள் அவள் என் ரவிக்கையைப் பார்த்துவிட்டாள். இரண்டு வட்டமாக ஈரம். அவள் முகம் ஒரு நொடி என்னவோ போல் ஆயிற்று, அழப்போகிறவள் மாதிரி. அப்புறம் அதுவும் போய்விட்டது.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பூப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துப்போனாள்.

"அக்கா, என்னக்கா இது?" என்றான் வேலு. எனக்கு எட்டு வயதானதிலிருந்து இவனை இடுப்பில் சுமந்தவள் நான். பசிக்குச் சோறு, மூக்குக்கு முந்தானை. குளிப்பாட்டின தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றினேன்.

ஜூலை 7, ஞாயிறு

பானு ஸ்கூட்டரில் வந்தாள். லீவு நாளாம், வந்திருக்கிறாள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, கட்டியை நீவி, பிள்ளையைப் போட்டுக் காட்டினாள். கதவு பாதி திறந்திருந்தது. "பிடிச்சுக்கிட்டா, பாருங்க. ஒண்ணும் கெட்டுப்போகல. கொஞ்ச நாள் பாட்டிலும் கூடவே இருக்கட்டும், பைய விட்ரலாம்" என்று சொல்வது கேட்டது. இந்து அழுதாள், சிரித்தாள், இரண்டும் கேட்டது. எனக்கு அந்த மாதிரி பக்கத்தில் வந்து உட்கார ஒருத்தியும் இல்லை. உட்கார்ந்திருந்தாலும் மடியில் போடப் பிள்ளை ஏது.

காப்பி போட்டுக் கொண்டுபோனேன். பானு வாங்கிக்கொண்டாள். இந்து தம்ளரைத் தொடவில்லை. நான் சமைத்ததை நேற்றிலிருந்து அவள் சாப்பிடவில்லை. வேலு கடையில் வாங்கி வருகிறான்.

ஜூலை 8, திங்கள்

வேலு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "அத்தான் தனியா கெடக்காரு. நீ எத்தனை நாளைக்குத்தான் இங்க இருப்பே. பஸ் ஏத்தி விடுதேன்."

பெட்டியைக் கட்டினேன். வெள்ளிச் சங்கை மேசைமேல் வைத்தேன், பிள்ளைக்கு இருக்கட்டும் என்று. புறப்படும்போது பார்த்தால் பெட்டியின் மேல் வைத்திருந்தார்கள். எடுத்துக்கொண்டேன்.

பிள்ளையை ஒரு தடவை தூக்கிப் பார்க்கிறேன் என்று கேட்கத்தான் நினைத்தேன். கேட்கவில்லை. அறைக்கதவு சாத்தியிருந்தது, உள்ளே பிள்ளை சப்பிக்கொண்டிருக்கிற சத்தம். அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

வாசலுக்கு வந்துவிட்டேன். "மதினி, நில்லுங்க" என்றாள் இந்து. திரும்பினேன். வீட்டுக்கு வந்த சுமங்கலியை வெறும் நெற்றியோடு அனுப்பக் கூடாது என்று அவளுக்குத் தெரியும், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். தாம்பாளத்தில் குங்குமமும் வாழைப்பழமும் வைத்திருந்தாள். கூடவே அந்த இலைப் பொட்டலம், பிரிட்ஜில் இருந்து எடுத்தது, சில்லென்று ஈரம் கோத்திருந்தது. சனிக்கிழமை வாங்கின அதே உதிரிப்பூ. வாடாமல் வைத்திருந்தாள்.

குங்குமம் எடுத்துக்கொண்டேன். பூவை விட்டுவிட்டு, "எனக்கு மல்லிகை ஆகாது. உனக்குத்தான் தெரியுமே" என்றேன்.

"தலையில வைக்க இல்ல மதினி." பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். "இனி வலிக்கும்லா. கட்டிக்கோங்க. உடனே கேக்கும்."

வேலு பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போய்விட்டிருந்தான். அவன் காதில் விழவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

வீடு குப்பைக் காடாகக் கிடக்கிறது. ஒரு மாதப் பாத்திரத்தில் பாசி பிடித்திருக்கிறது. காலையிலிருந்து தேய்த்தேன். குனிந்தால் மார்பு வலிக்கிறது. வேலு போன் செய்து ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தாயா என்று கேட்டான். பிள்ளை எப்படி என்றேன். "குடிக்கா அக்கா. பாட்டில் ஒரு வேளைதான் இப்போ" என்றான்.

ஜூலை 10, புதன்

தாங்கவில்லை. கல்லாகிவிட்டது. கையைத் தூக்கிக் கொண்டை போட முடியவில்லை. பிழிந்து விடலாம் என்று பார்த்தேன். கொல்லையில் மண்ணில் சொட்டுகிறதைப் பார்க்க முடியவில்லை, நிறுத்திவிட்டேன்.

மத்தியானம் பொட்டலத்தைப் பிரித்தேன். ஓரத்தில் கொஞ்சம் பழுத்திருந்தது, உள்ளே நன்றாகவே இருந்தது. பூவைப் பரப்பி, துணியைச் சுற்றினேன். போன தடவை மாமியார் கட்டிவிட்டார். தனக்குத் தானே கட்டுவது கஷ்டம், முடிச்சு முதுகுப் பக்கம் எட்டவில்லை. விட்டால் எல்லாம் கீழே கொட்டிவிடும்.

இவர் சாப்பிட வந்தார். கூப்பிட்டு முடிச்சுப் போடச் சொன்னேன். பூ வாசனையில் வாசல்படியிலேயே நின்றுவிட்டார். அவருக்கும் அந்த வாசனை மறக்கவில்லை போலிருக்கிறது.

"ஏட்டி, எதுக்கு இது?" என்றார்.

"பிள்ளை தங்கல" என்றேன்.

உள்ளே வந்து முடிச்சை இறுக்கிப் போட்டார்.